உப்பளப் படத்தின் ஆறு நிமிடம்

மனே,

நீ அனுப்பிய பார்சல் போன திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் கல்லடிப் பாலத்தில் மழைக்குள் மாட்டிக்கொண்டாராம், வெளி உறை ஊறிப்போயிருந்தது. உள்ளே டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு நூலால் கட்டியிருந்தாய். இந்தக் கவனம் என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது என்று உன் அம்மாவிடம் பெருமையடித்தேன். "ஓமோம், கசெற்றுக்குக் காட்டின கவனம், மனிசருக்கு எங்க காட்டினீங்க" என்று சிரித்தாள். அவள் சிரித்ததை இங்கே எழுதிவைக்கிறேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் நீ கல்யாணத்துக்கு வருகிறாய். வந்தபிறகு நேரில் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு கிழமையாக என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். வந்து இறங்கியதும் நீ கேட்கப்போவது அந்தப் பழைய கசெற்றைத்தான் என்று எனக்குத் தெரியும். அதனால் விமானம் ஏறுமுன்னரே இதை நீ படித்துவிட வேண்டும். கையால்தான் எழுதுகிறேன், முடித்ததும் போனில் படம் பிடித்து அனுப்புவேன். இது உனக்கு மட்டுமான கடிதம் இல்லை. நீ கட்டப்போகும் பிள்ளைக்குக் காட்டு. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் மொழிபெயர்த்துக் காட்டு. ஒரு பிழை உன் பெயரோடு அச்சாகிவிட்டது, அதைத் திருத்த வேண்டிய ஆள் நான்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்கிறேன், இல்லாவிட்டால் நீ மனம் கோணுவாய். பழைய பிலிமை எடுத்து, ஒவ்வொரு சட்டமாகத் துடைத்து, கீறல் நீக்கி, இவ்வளவு துலக்கமாக டிஸ்க்கில் கொண்டுவருவதற்கு உன்னைப்போன்ற ஆட்கள் அங்கே ஓர் இருட்டறைக்குள் மாதக்கணக்கில் இருக்கிறீர்கள் என்று நீ சொன்னபோதெல்லாம் நான் தலையாட்டினேனே தவிர, விளங்கிக்கொள்ளவில்லை. இப்போது விளங்கியது. என்னுடைய கசெற்றில் அந்த இத்தாலிய உப்பளம் வெறும் சாம்பல் சேறு. உன் டிஸ்க்கில் உப்புப் பரல்கள் தனித்தனியாகத் தெரிகின்றன, கதாநாயகியான அந்தக் கைம்பெண் நடக்கும்போது நொறுங்குகிற சத்தம்கூடக் கேட்கிறது. அதைவிடப் பெரிய அதிசயம் அவளுடைய மாமியார். நம்முடைய கசெற்றில் படத்தின் இரண்டு பக்கமும் ரீவிக்கு ஏற்றமாதிரி வெட்டுப்பட்டிருந்ததால், கதவோரத்தில் ஒரு மாமியார் நிற்கிறாள் என்பதே எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது! அந்தக் கைம்பெண் தனியாக இருக்கிறாள் என்று நினைத்து எத்தனை தரம் அவளுக்காக இரக்கப்பட்டிருப்பேன். கிழவி படம் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கசெற் வந்த வழியை நீ பாதிதான் அறிவாய். புளியந்தீவில் என் கடைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பறங்கி மாஸ்டர் இருந்தார், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். இங்கிலாந்தில் இருந்த அவருடைய மகள் அங்கே ரீவியில் போகும் பழைய ஐரோப்பியப் படங்களைப் பதிந்து அப்பாவுக்கு அனுப்புவாள். மாஸ்டர் எனக்குத் தருவார், நான் இரண்டு டெக்கை வயரால் இணைத்து ஒரு கொப்பி போட்டுக்கொள்வேன். கொப்பியின் கொப்பி, அதனால்தான் அந்தச் சேறு. வெள்ளை உப்பின்மேல் வெள்ளை எழுத்தில் ஆங்கில வசனம் போகும், ஒன்றும் வாசிக்க முடியாது. உன் அம்மாவுக்குக் கதை சொல்லும்போது பாதி வசனம் நானாக இட்டுக்கட்டியது. கடையில் இந்தியப் படங்கள் நாலு அலுமாரி நிறைய. ஐரோப்பியப் படங்கள் பதினொன்று, ஒரே தட்டில். அவற்றை யாரும் இரவல் எடுக்கமாட்டார்கள், ஆனால் கடைக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் நான் அவற்றைப் பற்றி அளப்பேன். என் வாய் சும்மா இருக்காது, மனே. இந்தக் கதை முழுவதும் அந்த வாயால் வந்தது.

டிஸ்க்கோடு வைத்த சிறு புத்தகத்தில் நீ எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். ஆங்கிலம் நன்றாக இருக்கிறது. "இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது இலங்கையின் கிழக்கில் ஒரு வாவிக்கரை ஊரில், அப்பாவின் கசெற்றில். அதன் நடுவே ஆறு நிமிடம் வெறும் இருட்டு. போர்க்காலத்தில் இராணுவ முகாமில் இருந்த அதிகாரி ஒருவர் அதை அழித்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே உன் பெயர்.

புதன்கிழமை பின்னேரம் அம்மாவும் நானும் படத்தைப் போட்டோம். அவளுக்கு இந்தப் படத்தில் என்றைக்கும் அக்கறை இருந்ததில்லை. ஆனால் நீ துப்பரவாக்கிய படம் என்பதால் தலை முழுகி, நல்ல சேலை கட்டி வந்து உட்கார்ந்தாள். ஒரு மணித்தியாலம் பார்த்தாள். பிறகு கைம்பெண் கிணற்றடியில் வாளியை வைக்கிற இடம் வந்தது. நம்முடைய கசெற்றில் அந்த வாளியோடு எல்லாம் இருண்டுபோகும். உன் டிஸ்க்கில் வாளி அப்படியே இருக்க, வேலிக்கு வெளியே வழிப்போக்கன் ஒருவன் வந்து தண்ணீர் கேட்கிறான். அம்மா எழுந்துவிட்டாள். "தம்பி வாற இடத்துல ஆரோ ஒருத்தன் வந்து நிக்கிறான்" என்றாள். திரும்பவும் அதையே சொன்னாள். குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீ நிறையப் படங்களில் வெட்டிப்போட்ட காட்சிகளைத் தேடிப்பிடித்து ஒட்டியிருக்கிறாய். ஆனால் அந்த இடத்தில் அம்மாவுக்கு யார் இருந்தார் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்ததும் பொய்.

நம்முடைய ஊர் வழக்கப்படி நான் கல்யாணம் முடித்து உன் அம்மாவின் வீட்டுக்கு, செட்டிபாளையத்துக்குக் குடிபோனேன். அந்த வீட்டில் என்னைப் பிறத்தி ஆளாகப் பார்க்காமல் முதலில் பேசியது உன் மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. வாவிக்கு அக்கரையில் படுவான்கரைப் பக்கம் இருந்த வட்டையில் வயல் செய்துகொண்டிருந்தான், காலையில் தோணியில் போய்ப் பொழுதுபட வருவான். நான் சொல்லும் படக்கதைகளைக் கடைசிவரை கேட்கிற ஒரே ஆள் அவன்தான். உனக்கு முதன்முதல் சோறு தீத்திய நாளில், கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுக்கிற வீடியோக் கமராவை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாமன் மடியில் நீ. ஆறு நிமிடம் எடுத்தேன், பற்றரி முடிந்துவிட்டது.

அதற்கு எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் வட்டைக்கென்று தோணி ஏறியவன் திரும்பி வரவில்லை. தோணி அக்கரையில் கட்டியபடி நின்றது. யார் கொண்டுபோனது, எங்கே என்று இன்றைக்கும் நமக்குத் தெரியாது. அந்த நாட்களில் காணாமற்போன பொடியன்களின் படம் வீட்டில் இருந்தால் தேடுதலுக்கு வருகிறவர்கள் அதைக் காட்டி வீட்டில் மிஞ்சியவர்களையும் கேள்வி கேட்பார்கள் என்று ஊரே பயந்தது. மாமாவின் படங்களை எல்லாம் வீட்டார் அடுப்பில் போட்டார்கள். அம்மா அடுப்படியில் நின்று பார்த்தாள். மிஞ்சியது என் கமராக் கசெற் மட்டும். நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா, ஒரு வழி கண்டுபிடித்தேன். கடையில் யாருமே எடுக்காத படம் எது? அந்த உப்பளப் படம். தேடுதலுக்கு வந்தவன் போட்டுப் பார்த்தாலும் பத்து நிமிடத்தில் கொட்டாவி விட்டு நிறுத்திவிடுவான். படத்தின் நடுவில், வாளி வைக்கிற இடத்தில், மாமாவின் ஆறு நிமிடத்தைப் பதிந்தேன். தண்ணீர் கேட்கிற வழிப்போக்கன் அன்றைக்கே அழிந்துபோனான். கமராக் கசெற்றின் நாடாவை உருவி வாவிக்குள் போட்டேன்.

டெக்கில் ஓர் எண் ஓடும், உனக்கு ஞாபகமிருக்கும். ஆயிரத்து நானூற்றுப் பத்தில் மாமா வருவான். அம்மா கிழமைக்கு ஒருநாள், மத்தியானம் நான் கடையைச் சாத்துகிற நேரத்துக்குச் சோற்றுப் பார்சலோடு வருவாள். உன்னை மேசையில் இருத்திவிட்டுத் தானே கசெற்றைப் போட்டு ஆயிரத்து நானூற்றுப் பத்துக்கு ஓட்டுவாள். பார்த்துவிட்டு, திரும்ப ஆரம்பத்துக்குச் சுற்றி, உறைக்குள் வைத்துவிட்டுப் போவாள். ஒன்றரை வருடம் இப்படி. ஒரே இடத்தை ஓட்டி ஓட்டி, படத்தின் மற்றப் பகுதியெல்லாம் நன்றாக இருக்க, அந்த ஆறு நிமிடம் மட்டும் தேய்ந்து, மாமாவின் முகத்தில் வெள்ளைக் கோடுகள் விழத் தொடங்கின. "இஞ்சருங்க, தம்பிர முகம் கிழிஞ்சு போகுது, ஏதும் செய்யேலாதா?" என்று கேட்டாள். டெக்கின் ஹெட்டைத் துடைத்துப் பார்த்தேன். இன்னொரு கொப்பி போட்டால் இரண்டு ஆபத்து என்று சொல்லி விட்டுவிட்டேன்.

இனி வருகிறதுதான் நீ அறியாதது. ஒருநாள் முகாமிலிருந்து ஓர் அதிகாரி கடைக்கு வந்தார். இளவயது, கண்ணாடி போட்டவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். ஒரு ஹிந்திப் படம் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடியிருக்கலாம். "சேர், இதெல்லாம் ஆரும் பார்ப்பாங்க, நல்ல படம் எண்டா இதுதான்" என்று அந்தத் தட்டைக் காட்டி அளக்கத் தொடங்கினேன். பயத்தில் பேசினேன் என்று பிற்காலத்தில் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம் இல்லை. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு ரசனையுள்ள ஒருவன் முன்னால் நிற்கிறான் என்ற சந்தோஷப் புழுகம். உப்பளப் படம் கொழும்பிலும் கிடைக்காது, அப்படி ஒரு படம் உலகத்தில் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவருடைய கண் விரிந்தது. "அது எனக்கு வேணும். நாளைக்கு மூணு மணிக்கு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றும் மறுநாளும் நான் என்னென்ன செய்திருக்கலாம் என்பதை முப்பது வருடமாக எண்ணிப் பார்க்கிறேன். கசெற்றில் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்றிருக்கலாம். டெக் நாடாவைத் தின்றுவிட்டது என்றிருக்கலாம். வேறொருவர் கொண்டுபோய்விட்டார் என்றிருக்கலாம். எனக்குப் பொய் சொல்லத் தெரியாதென்று இல்லை, அதற்குப் பிறகு இத்தனை வருடம் சொன்னேனே! கடையில் இன்னொரு டெக் இருந்தது, வெறும் கசெற்றும் இருந்தது. ஆறே நிமிடத்தில் மாமாவை அதில் இறக்கி ஓர் அரிசி மூட்டைக்குள் ஒளித்திருக்கலாம். அந்த நேரம் என் மூளையில் ஒன்றுதான் இருந்தது: அந்த முகம் என் கடையில், என் வீட்டில், எங்கேயும் இருக்கக்கூடாது. நீ சின்னப் பிள்ளை. மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்தி, ஆயிரத்து நானூற்றுப் பத்துக்கு ஓட்டி, ஒருதரம் முழுவதும் பார்த்தேன். திரும்பச் சுற்றினேன். எந்த வயரையும் கொழுவாமல் பதிவுப் பொத்தானை அமத்தினேன். எண் ஓடியது. ஆறு நிமிடமும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம், மனே. நான் நிறுத்தவில்லை.

நாலு நாள் கழித்து அந்த அதிகாரி கசெற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். உறையைத் துடைத்துத் தந்தார். "நல்ல படம். ஆனா நடுவில இருட்டு. ஏதாவது வரும் எண்டு ஆறு நிமிசமும் பாத்துக்கிட்டே இருந்தன்" என்றார். அவ்வளவுதான் அவர் செய்தது. அம்மாவிடம் நான் சொன்னது வேறு: முகாமுக்குக் கொண்டுபோனார்கள், போட்டுப் பார்த்தார்கள், தம்பி வருகிற இடத்தை அழித்துத் தந்தார்கள். அவள் நம்பினாள். அந்த மனிதர் ஜீப்பில் போகும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பி மண்ணில் துப்புவாள், நான் பக்கத்தில் நிற்பேன். அவர் ஒருதரம் அதைக் கண்டார். ஏன் என்று விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

இந்தப் பொய்யில்தான் நீ வளர்ந்தாய். அந்த இருட்டு ஆறு நிமிடம் வரும்போது சின்ன வயதில் நீ ரீவியில் காதை வைத்துக் கேட்பாய். நீ இந்த வேலைக்குப் போனதே அதனால்தான் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு, அதில் எனக்குப் பெருமையும் உண்டு என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

படம் பார்த்து அம்மா கதவைச் சாத்திய அன்றே, சற்று நேரம் கழித்து நீ போன் எடுத்தாய். அவள் அழுததும் உனக்கு மனம் பொறுக்கவில்லை. "அழாதீங்கம்மா, அழிச்ச நாடாவில அடியில கொஞ்சம் மிச்சம் கிடக்கும். எங்கட இடத்துல மெஷின் இருக்கு, மாமாவக் கொண்டு வாறன்" என்றாய். பாசத்தில் சொன்னாய். ஆனால் அது உன் தொழில், உண்மை உனக்குத் தெரியும். வெட்டிய பிலிம் எங்காவது ஒரு தகரப் பெட்டிக்குள் கிடக்கும், அறுபது வருடம் கழித்தும் ஒருவன் கண்டெடுப்பான். கசெற் அப்படி இல்லை, மேலே பதிந்தால் கீழே இருந்தது போனது போனதுதான். கடை டெக்கை மட்டும் அறிந்த எனக்கே அது தெரியும். போனை வைத்ததும் அம்மா அலுமாரியைக் கிளறிக் கசெற்றை எடுத்து, உன் கல்யாணத்துக்கு எடுத்த கூறைச்சேலைப் பெட்டிக்குள் வைத்தாள். "கலியாணத்துக்குத் தம்பியும் வாறான் கா" என்று பக்கத்து வீட்டாளிடம் வேலியால் சொன்னாள். அதைக் கேட்டபிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. குடித்து முடித்துவிட்டு, "அழிக்க முதல் ஒருக்காப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். "முழுக்கவா?" "முழுக்க." "அப்ப சொல்லுங்க. முதல்ல இருந்து சொல்லுங்க."

சொன்னேன். முதலில் வாசல் தெரியும், பாயில் வெள்ளை விரித்திருக்கும். தம்பி சம்மணங்கட்டி இருப்பான், மடியில் பிள்ளை. சோற்றை வாயில் வைத்ததும் பிள்ளை துப்பும், அவனுடைய நீலச் சேட்டில் விழும். "பச்சை" என்றாள் அம்மா. நீலம்தான் என்றேன். "கசெற்றில நீலமாத் தெரிஞ்சிச்சு. அது பச்சை. நான் தோச்ச சேட்டு எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாவிக் கரைக்குப் போவான், தோணிக் கொம்பில் இருந்த நீர்க்காகத்தைக் காட்டுவான். அது பறக்கும். பிள்ளை அதைப் பார்க்காமல் அவனுடைய மூக்கைப் பிடிக்கும். இப்படியே சொல்லி முடித்தேன். அவள் எழுந்து போனாள்.

இன்றோடு ஐந்து நாள். அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், உடுப்புத் தோய்க்கிறாள். மத்தியானம் ஆனதும், முந்தி கடைக்கு வருகிற அதே நேரத்துக்கு, முன்னால் வந்து உட்கார்ந்து "சொல்லுங்க" என்கிறாள். சொல்கிறேன். என் ஞாபகமும் நல்ல நாடா இல்லை, மனே. ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று குறைகிறது, அவள் அதைப் பிடித்துவிடுகிறாள். மன்னிப்பாளா என்று தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது.

நீ கட்டப்போகிற பிள்ளைக்கு முதல்நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடு என்று புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். அசிங்கமானதையும் சொல்லு. நேரம் போகப்போகப் பொய்க்கு வேர் பிடிக்கும், பிறகு அதைப் பிடுங்கப்போனால் வீடே ஆடும். அந்தப் புத்தகத்தில் எழுதியதைத் திருத்து. அழித்தவன் என் அப்பா என்று எழுது. அந்த அதிகாரி உயிரோடு இருக்கிறாரோ தெரியாது, இருந்தால் அவர் கண்ணில் படட்டும். வரும்போது அம்மாவுக்கு மெஷின் கதை சொல்லாதே. அவளுக்குப் பக்கத்தில் இரு. மத்தியானம் அவள் கேட்கும்போது நீயும் கேள், அந்த ஆறு நிமிடமும் நீ அவன் கையில்தான் இருந்தாய்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவளுக்குச் சொல்லும்போது ஐந்து நாளும் நான் வெட்டிவிடுகிற துண்டு அது. நீர்க்காகம் பறந்தபிறகு மாமா கமராவுக்குக் கிட்ட வருவான், சத்தம் அவ்வளவு தெளிவில்லை, காற்று. கடையில் இருந்த ரீவியில் அம்மாவுக்கு அது ஒருநாளும் பிடிபட்டதில்லை. ஆனால் எடுத்தவன் நான், எனக்குத் தெரியும். உன்னை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு சொல்வான்: "அத்தான், எனக்கும் இதில ஒரு கொப்பி போட்டுத் தாங்க."

"ஓம், போட்டுத் தாறன்" என்று நான் சொன்னதும் அதில் இருந்தது. ஊருக்கெல்லாம் ஆயிரம் ஆயிரமாய்க் கொப்பி போட்டவன் நான், மனே. அந்த ஒன்றைப் போடவில்லை.

அப்பா